எதிர்க்கட்சி வீட்டுப் பாட்டரி

எதையும் எதிர்த்தே பேசிப் பழகிய ஒருவர், சொந்த வீட்டுக்கு எந்த மின்சாரம் வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பார்? உதியன்குளங்கரை முழுவதும் ‘எதிர்க்கட்சி’ என்றே அறிந்திருந்த மனிதரால் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் அவர் மறுக்காத கருத்தே கிடையாது. தேவாலயச் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில், தான் கேட்ட விலையைத் தானே எதிர்த்து ஏற்றி ஒரு வாழைக்குலையை வாங்கியவர் அவர்.

சுற்றுச்சூழல் படித்து முடித்த புதிதில், தேநீர்க் கடையில் அவரிடம் சூரிய மின்சாரத்தின் நன்மைகளை எடுத்துரைத்தேன்.

“எலே மக்கா, இடவப்பாதி மழையில ஒனக்க சூரியன் லீவு போட்டா நீயா வெளிச்சம் அடிப்ப? அணு உலை ஆக்கும் கரண்டு. ராவும் பகலும் ஒரே ஓட்டம்!”

நேர்மையான வாதம். நிறையப் படித்துவிட்டு மீண்டும் சென்று, அணுமின்சாரத்திலும் நியாயம் உண்டு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்த நொடியே கட்சி மாறினார்.

“அப்பம் அந்தக் கழிவ எங்க வைப்ப? ஒனக்க கெணத்தாங்கரையிலயா? தலைமுறை தலைமுறையா காவலிருக்கணும். நீ இன்னும் பெண்ணே கெட்டல்ல!”

அவருடைய தமக்கை ரோசம்மா அக்காவுக்கு நுரையீரல் நோய் முற்றி, வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு அந்த விவாதத்தின் எடை மாறியது. ஒரு காற்றுமழையில் ரப்பர் மரம் மின்கம்பியின்மேல் சாய்ந்து, மின்சாரம் போய் இயந்திரம் நின்றது. கைவசமிருந்த சிலிண்டர் தீரும் தறுவாயில் ஆம்புலன்ஸ் வந்ததால் அக்கா பிழைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் எதிர்க்கட்சியின் குரல் இறங்கியிருந்தது.

“மக்கா, எது நல்லது? நீ சொல்லுததுக்கு எதிரு பேசமாட்டேன்.”

“அண்ணா, அணுக் கரண்டா, சூரியக் கரண்டாண்ணு பாத்துட்டா மரம் விழுந்துது? நாட்டுக்கு எதுண்ணு பொறவு சண்டை போடலாம். வீட்டுக்கு பாட்டரி வேணும். வெயிலுள்ளப்போ பேனல் நிறைக்கும்; மழையில லைன் கரண்டு நிறைக்கும்.”

“அப்பம் ரெண்டு கட்சியும் ஜெயிச்சாச்சா?” அவர் திகைத்தார். “பின்ன நான் ஆருகிட்டச் சண்டை போட?”

மாடியில் பேனல் ஏறியது. எதிரியையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார்: மேகம். வானம் கறுத்தால் முற்றத்தில் நின்று ஏசுவார். லைனும் போய் மழையும் பெய்தால், இயந்திரத்துக்கு மிச்சம் வேண்டுமென்று விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு வியர்த்தபடி உட்கார்ந்திருப்பார். செய்தி விவாதங்களை எதிர்த்துப் பேசாத அந்த மாலைகள் அவருக்கு எத்தனை பெரிய தியாகம் என்பது ஊருக்குத் தெரியும்.

இப்போது மேகம் திரண்டால் கடையில் யாரும் அணுவா, சூரியனா என்று தொடங்குவதில்லை. “அண்ணா, பாட்டரியில எத்தற சார்ஜ் உண்டு?” என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியை மட்டும் அவர் எதிர்ப்பதில்லை.