வியாழக்கிழமைகளில் காணாமல் போகும் கார்

புக்கிட் காத்தில், மலாக்கா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சந்திரா அக்காவுக்கு,

உங்கள் தம்பி குலசிங்கம் எழுதுகிறேன். இங்கே நானும் என் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒரே வீட்டில் பெரிய சண்டையில்லாமல் இருந்துவருகிறோம். ஈப்போவில் உங்கள் முழங்காலும் கிருபாலன் அத்தானின் காதும் அதே ஒற்றுமையோடு இருக்கவேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் மருமகள் ரோகினிதான் அதைப் படித்துக் காட்டுவாள். படித்து முடிப்பதற்குள் குடும்பக் குழுவில் இருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே தபால். நீங்கள் செய்யவேண்டிய உதவி ஒன்றுதான். என் மகள் வதனாவைக் கூப்பிட்டு, என் கார் சாவியை என்னிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லவேண்டும். உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். சாவியை ஏன் எடுத்தாள் என்று உங்களிடம் ஒரு கதை சொல்லுவாள். அது உண்மைதான். இருந்தாலும் அதை என் வாயால் முதலில் கேளுங்கள்.

போன வருடம் வடக்கே தம்பின் ஊருக்குப் போகப் புறப்பட்ட நான் தெற்கே மூவார் ஊரில் போய் நின்றது உங்களுக்குத் தெரியும். வதனாவின் அம்மா நிர்மலா இறந்து அப்போது நான்கு மாதம். ஏதோ யோசனையில் ஓட்டிவிட்டேன். முப்பத்துநான்கு வருடம் நில அளவை வேலை பார்த்து இந்த மாநிலத்தில் பாதிக்கு எல்லைக்கல் நட்டவனுக்கு வழி தெரியவில்லை என்று வதனா முடிவு கட்டிவிட்டாள். அடுத்த வாரமே காருக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தினாள். நான் போகும் இடமெல்லாம் அவளுடைய போனில் ஒரு நீலப் புள்ளியாக நகரும். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டே என்னையும் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் தெங்கேராவில் நிற்கிறேன், போன் வருகிறது. "அப்பா, பதினாலு நிமிஷமா அங்கேயே நிக்கிறீங்க. அங்க புத்து பிரிங் கடையைத் தவிர வேற என்ன இருக்கு?" டயருக்குக் காற்று அடிக்கிறேன் என்றேன். "வாயில பலகாரத்தை வச்சுக்கொண்டா அடிக்கிறீங்க?" என்றாள். எதிரே ஒரு லோரிக்காரர் சிரித்தார். என் வாய் நிறையத் தேங்காய்ப்பூவும் கருப்பட்டிப் பாகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் அக்கா. பெம்பான் பக்கமே போகக்கூடாது என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெம்பானில் யார் இருக்கிறான் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா? மணியம். அப்பா அங்கே தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியாக இருந்தபோது நாம் மேட்டுப் பங்களாவில் இருந்தோம், அவன் கீழே தொழிலாளர் லயத்தில் இருந்தான். உங்களுக்கு ரம்புத்தான் பறிக்க ஏறி, எறும்பு கடித்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தானே, அதே மணியம்தான். பிறகு எனக்கு அளவைச் சங்கிலி பிடிக்கும் வேலையில் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் என்னோடு பால் வெட்டும் கித்தா மரத்துக்கும் எண்ணெய்ச் செம்பனைக்கும் நடுவே அட்டை கடியில் நடந்தவன். மற்ற ஆட்கள் முன்னால் என்னை ஐயா என்பான், காட்டுக்குள் போனதும் குலம் என்பான். ஓய்வுபெற்ற பிறகு குலம்தான். கோபம் வந்தால் மட்டும் ஐயா. போன வருடம் நாங்கள் இருவரும் நம் பழைய வீடு இருந்த இடத்தைத் தேடிச் செம்பனைக்குள் போனோம். மங்குஸ்தான் மரத்திலிருந்து கேட் எத்தனை சங்கிலி தூரம் என்பதில் தகராறு. அவன் மூன்று என்றான், நான் இரண்டரை என்றேன். அளந்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, போனில் மின்சாரமும் தீர்ந்தது. நாங்கள் தொலைந்துபோகவில்லை, அளந்துகொண்டிருந்தோம். வதனா அதை நம்பவில்லை. அன்றோடு பெம்பானுக்குத் தடை.

அந்த நேரத்தில்தான் காருக்குப் பாய் விரிப்பு வாங்கப் போன இடத்தில், உதிரிப்பொருள் விற்கும் வீராசாமி என்பவரிடம் என் குறையைச் சொன்னேன். கடையின் பெயர் வேண்டாம். அவர் மேசைக்கு அடியிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு பொருளை எடுத்தார். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகவேண்டியது, தலையில் சின்னக் கொம்பு. "இத சொருவுனா உங்க மகளுக்குப் புள்ளி நின்னுடும் ஐயா. லோரி ஓட்டுறவங்க நெறைய பேரு கேக்குறாங்க. அவங்க போஸ் ஒக்காந்த எடத்துல எல்லாத்தையும் பாக்குறாரு, ஒண்ணுக்குப் போனாக்கூட ஏன் நின்னேன்னு கேக்குறாராம். சில பேரு பொண்டாட்டிக்குப் பயந்து வாங்குறாங்க. கார் திருடுறவனும் கேப்பான், நான் குடுக்கறதில்ல லா. மூஞ்சப் பாத்தாலே தெரியும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அது சட்டத்துக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். அரசாங்கப் பென்ஷன் வாங்குகிற கையால் அதை வாங்கினேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று அத்தான் கட்டாயம் கேட்பார். சொல்லிவிடுங்கள். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் யார், இப்போது மணி என்ன என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சொல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கீழே இருக்கும் கருவி தூரத்தைக் கணக்கிடும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால், கருவிக்குத் தான் நிற்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று எல்லைக்கல்லிலிருந்து சங்கிலி பிடித்து நான்காவதைக் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரிதான். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து வருவதால் அந்தக் குரல் மிகமிக மெலிந்துதான் தரைக்கு வரும். அப்பா சாயங்காலம் நம்மை உட்காரவைத்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? கீழே ரப்பர்ப் பால் ஆலையில் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அவர் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்து எழுதுவீர்கள், நான் உங்களைப் பார்த்து எழுதுவேன், இருவருக்கும் அடி விழும். இயந்திரம் அப்பாவின் வாயைப் பொத்தவில்லை, நம் காதை நிரப்பியது. இந்தக் கட்டைவிரல் கருவியும் அதையேதான் செய்கிறது. செயற்கைக்கோள் பேசும் அதே அலைவரிசையில் அர்த்தமில்லாமல் இரையும். பக்கத்தில் இரைகிறதல்லவா, மேலிருந்து வரும் குரல் காதில் விழாது.

வியாழக்கிழமை மதியம் வதனாவுக்குக் கடையில் கூட்டமாக இருக்கும். முதல் வியாழன், புக்கிட் காத்தில் ஊரின் போக்குவரத்து விளக்குச் சந்திப்பில் கருவியைச் செருகினேன்; என் காரில் சாவியை எடுத்தாலும் அந்தத் துளைக்கு மின்சாரம் வரும். வதனாவிடமிருந்து போன் வரவில்லை. பெம்பான் போய் இறங்கியபோது மணியம் வாசலில் நின்றுகொண்டு, "என்னா குலம், ஜெயில்லேர்ந்து விட்டுட்டாங்களா?" என்றான். அவன் மனைவி மாரியம்மா கெட்டிப்பால் ஊற்றித் தேத்தண்ணி கொடுத்தாள். லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். பதினேழாம் நம்பரில் சண்டை வந்து நின்றது, மீதியை அடுத்த வியாழனுக்கு வைத்தோம். இப்படியே ஐந்து வியாழன் போயிற்று அக்கா. நிர்மலா போன பிறகு ஒரு கிழமை எப்போது வரும் என்று நான் காத்திருந்தது அப்போதுதான்.

நான்காவது வியாழன் ஒரு சின்ன விஷயம் நடந்தது, அதிலேயே நான் புத்தி அடைந்திருக்கவேண்டும். பக்கத்துச் செம்பனைக்கு மருந்து தெளிக்கக் கவிநேசன் என்ற பிள்ளைக்குட்டிக்காரர் ஒருவர் டிரோன் பறக்கவிட்டார். அது நேராகப் போய்க்கொண்டிருந்தது, மணியத்தின் வீட்டுப் பக்கம் வந்ததும் குடித்தவன் மாதிரி ஒதுங்கி, மாரியம்மா வடகம் காயவைத்திருந்த பாயில் வந்து உட்கார்ந்தது. "சிக்னல் காணோம் லா ஆன்ட்டி, இந்த எடத்துக்கு வந்தா மட்டும் காணோம்" என்று அவர் தலையைச் சொறிந்தார். மாரியம்மா அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஆலை ஓடியபோது நம் வீட்டில் மட்டுமா காது அடைத்தது, லயம் முழுக்க அடைத்ததே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐந்தாவது வியாழன் நாலு மணிக்கு மணியம் பேச்சை நிறுத்தினான். நெற்றி எல்லாம் வியர்வை. வாயுதான் என்றான். இடது கையைத் தூக்க முடியவில்லை. அவன் மகள் புனிதா பாலர் பள்ளி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தைப் போனிலிருந்து அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அவர்கள் திருப்பிக் கூப்பிட்டார்கள். "பாசார் பக்கம் நிக்கிறோம், எந்த வீடு?" அந்தப் பாசார்ச் சந்தை மூன்று கிலோமீட்டர் தள்ளி. அவள் மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை போன் அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னது. "அங்கிள், இந்தப் போனுக்கு என்னமோ ஆயிருச்சி" என்று அழுதுகொண்டே என்னிடம் நீட்டினாள். நீலப் புள்ளி தோசைக்கல் அளவுக்கு வீங்கி பெம்பான் முழுவதையும் மூடியிருந்தது. வானத்துக் குரல் கேட்காததால் அது போன் கோபுரத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. என் கார் பத்தடி தூரத்தில் நிற்கிறது.

அக்கா, எழுபத்தொரு வயதில் நான் ஓடினேன். கருவியைப் பிடுங்கியபோது அது சுட்டது. ஆனால் போன் தெளிய நேரம் எடுக்கும், அதுவரை காத்திருக்கமுடியாது. புனிதாவிடமிருந்து போனை வாங்கி நானே டிரைவரிடம் மலாயில் வழி சொன்னேன். பாசாரிலிருந்து ஜாசின் பக்கம் வா, இரண்டாவது சின்னப் பாலம் தாண்டு, பால் ஆலைப் புகைபோக்கிக்கு எதிரே இடப்பக்கம் திரும்பு. டிரைவர், "பாக்சிக், இங்க புகைபோக்கி ஒண்ணும் இல்லையே" என்றான். நான் திரும்பவும் புகைபோக்கி என்றேன். என் கண்ணுக்கு அது தெரிகிறது அக்கா, புகை கூடத் தெரிகிறது. பாயில் படுத்திருந்த மணியம் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "ஐயா, ஆலைய ஒடச்சி முப்பது வருஷமாச்சி. இப்ப அது கார் கழுவுற கடை. நான் சாவறதுக்குள்ள அதச் சொல்லுங்க."

சொன்னேன். அங்கிருந்து நானூறு மீட்டர், வலப்பக்கம் மண்பாதை, அப்புறம் எண்பது மீட்டர். அந்தத் தூரங்கள் மாறவில்லை, நான் அளந்தவை. வண்டி வந்தது. மொத்தம் பத்தொன்பது நிமிடம் தாமதம். இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவ உதவியாளர் மாரியம்மாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மருத்துவமனையில் அவனுக்கு இருதயக் குழாய் அடைப்பை எடுத்தார்கள், பிழைத்துவிட்டான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாரியம்மாவிடமும் புனிதாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாரியம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்கு வர்றதுக்கா ஐயா ஒளிஞ்சி வந்தீங்க? சின்னப் புள்ளையிலயும் கிராணி ஐயாவுக்குத் தெரியாம ஒளிஞ்சிதான் லயத்துக்கு வருவீங்களாம், எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு. இந்த வயசுலயுமா?" என்று கேட்டாள். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடக்கூடாது என்று அப்பா பிரம்பை எடுத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

சாயங்காலம் வதனா வந்தாள். அவளிடமும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "வியாழக்கிழமை ரெண்டே முக்காலுக்கு விளக்குச் சந்திப்பில உங்கட புள்ளி காணாமல் போகும், ஆறு மணிக்கு அதே இடத்தில வரும். புள்ளி இல்லாட்டி அப்பா பெம்பானில எண்டு எனக்குத் தெரியும். மெஷின் பழுதாக்கும் எண்டு நினைச்சன், இப்பிடி ஒண்டை வாங்கி வச்சிருப்பீங்க எண்டு நினைக்கேல்ல." தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். "வியாழக்கிழமைதான் அப்பா நீங்க பாட்டுப் பாடிக்கொண்டு சாப்பிடுறீங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கருவியை மறுநாள் கல் நடும் சுத்தியலால் தூளாக்கிவிட்டேன்.

ஆகவே அக்கா, வதனாவிடம் பேசுங்கள். காரில் ஒன்றுக்குப் பத்து நீலப் புள்ளிக் கருவி வைக்கட்டும். நான் மாரியம்மா வீட்டு வாசலில், எல்லோரும் பார்க்க, காரை நிறுத்தவேண்டும். அந்தப் புள்ளி பெம்பானில் நிற்பதை ஈப்போவிலிருந்து நீங்களும் பாருங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். ரோகினிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். உங்கள் முழங்காலுக்கு நிர்மலா காய்ச்சிய எண்ணெயில் கடைசிப் போத்தல் என்னிடம் இருக்கிறது, யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
குலம்

பின்குறிப்பு: கார் இல்லாததால் தபால்தலை வாங்க நடந்துதான் போகவேண்டியிருந்தது, அதில் ஒன்பது நாள் கழிந்துவிட்டது. இதற்குள் நிலைமை மாறிவிட்டது. வதனாவிடம் ஒன்றும் பேசவேண்டாம். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று புனிதா அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே, என் வீட்டுக்குப் பின்வரிசையிலேயே வாடகைக்கு வந்துவிட்டாள். நடந்தால் நாலு நிமிடம். வதனா நேற்று தானாகவே சாவியை நீட்டினாள், நீயே வைத்திரு என்று சொல்லிவிட்டேன், காரில் போக எனக்கு இனி இடமில்லை. டாக்டர் மணியத்தைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், அவன் என் வீடு வரைக்கும் நடக்கிறான். காலை ஏழு மணிக்கு வந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறான். முந்தாநாள் சும்மா இருக்கமுடியாமல் என் வேலியை அளந்து, அது பக்கத்து நிலத்துக்குள் ஓரடி போயிருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஜானகி அம்மாவிடமே சொல்லிவிட்டான். இருபத்தாறு வருடமாக அந்த அம்மாவுக்கு அது தெரியாது. இப்போது கேட் சத்தம் கேட்கிறது, அவன்தான். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கவேண்டும்.