மின்கம்ப மேடையேறிப் பட்டின் நிறம் பார்த்த படலம்

திருமங்கலத்துத் திருமகன், நாகஜோதி பெற்ற நாயகன், இயற்பியல் இரண்டாமாண்டு பயிலும் ஏந்தல், மூன்று அரியர்களையும் முகம் கோணாமல் சுமக்கும் முரட்டுத் தோளன் தமிழ்மாறன் வாழ்க! அவன் புகழ் பாடப் புகுந்த இந்த ஏழைச் சொல்லில் பிழை இருந்தால், சித்திரை வெயிலில் பந்தலுக்குப் பந்தல் நின்று மதுரையைக் காக்கும் நீர்மோர் பொறுத்தருள்க.

அழகர் மலையிலிருந்து இறங்கி வந்து வைகையில் எழுந்தருளும் பெருவிழாவை நம் வீரன் பத்தொன்பது ஆண்டுகளாகக் கொண்டாடிய முறை தனித்துவமானது. உள்ளூர் விடுமுறை என்று அறிவிப்பு வந்ததும் போர்வையைக் கைப்பற்றுவான்; மறுநாள் பதினொரு மணி வரை அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். அவன் தாய் நாகஜோதியோ முதல் பேருந்தேறி மதுரை போய், கள்ளழகர் அந்த ஆண்டு என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார் என்ற செய்தியை மடியில் கட்டிய பிரசாதம் போலச் சிந்தாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பாள். பச்சை என்றால் அவள் கணக்கில் மழை உண்டு, பருத்தி உண்டு, மகனுக்குத் தேர்ச்சியும் உண்டு. சிவப்பு என்றால் அந்த ஆண்டு முழுக்க வீட்டில் எல்லாரும் கொஞ்சம் அடங்கித்தான் நடக்கவேண்டும்.

இந்த ஆண்டு ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, நாகஜோதி மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். கிடந்தபடியே டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கச் செய்து, அக்கம்பக்கத்தார் எவரும் நிறத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாதென்று ஆணையிட்டு, மகனை அழைத்து முழங்கினாள்: "டி.வி.யில பாத்தா அது பாத்ததாகுமாடா? நீ போயி உன் கண்ணால பாத்துச் சொல்லு. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

அந்தச் சொல் போர்வையைக் கிழித்து உள்ளே புகுந்தது. அம்மா தன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்தான், பல் துலக்கினான், கல்லூரிப் பையை முதுகில் கவசமாகப் பூட்டினான், முதல் பேருந்தில் தொற்றி, மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, நடந்தே வைகையின் வடகரை சேர்ந்தான்.

அந்தோ, அங்கே விரிந்த களத்தை என்னென்று சொல்வது! தலைகள், தலைகளின் மேல் உயர்ந்த கைகள், கைகளில் ஒளிரும் கைபேசிகள், கைபேசிகளின் ஊடே புகையும் சாம்பிராணி, தோல்பைகளிலிருந்து வானளாவப் பீய்ச்சப்பட்டு நல்லவர் தீயவர் பாராமல் எல்லார் கழுத்திலும் வழியும் தண்ணீர் என்று திரண்டு கிடந்த அந்தக் கடலின் நடுவே ஒரு மின்கம்பமும், அதன் அடியில் ஒன்றரை அடிச் சதுரமாய் ஒரு சிமெண்டு மேடையும் நின்றன. அதில் ஏறினால் பார்வைக்கோடு தடையின்றிச் செல்லும் என்று தமிழ்மாறன் மனத்துக்குள் கணக்கிட்டான். பரீட்சையில் கைவிட்ட இயற்பியல் அன்றைக்குக் கைகொடுத்தது.

ஆனால் மேடையின்மேல் ஏற்கெனவே ஒரு கால் இருந்தது. அது நிலவரித் துறையின் நெடுந்தூண், தல்லாகுளத்து அலுவலகக் கோப்புகளின் கொற்றவன், குடைவாள் தரித்த தலைமை எழுத்தர் ராஜாராமனுடைய கால். மற்றொரு கால் வைக்க இடமிருந்தது. அதில் நம் வீரன் தன் இடக்காலை ஊன்றினான். மூண்டது போர்.

"தம்பி, இருபது வருஷமா நான் நிக்கிற இடம் இது!" என்று கர்ஜித்தார் ராஜாராமன்.

"சார், சாமி வார வழிக்குப் பட்டா கிடையாது!" என்று எதிர்முழக்கமிட்டான் தமிழ்மாறன்.

முழங்கை விலாவைத் தேடியது. விலா கம்பத்தைத் தேடியது. ராஜாராமன் மடக்கிய குடையை இருவர் வயிற்றுக்கும் இடையே செருகி எல்லைக்கல் நட்டார். தமிழ்மாறன் இயல்பாகத் திரும்புவதுபோல் திரும்ப, முதுகுப்பையில் இருந்த தண்ணீர் பாட்டில் அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. அவர் செருப்பில் ஒன்று வீழ்ந்தது. இவன் செருப்பில் இரண்டும் வீழ்ந்தன. கீழே, அழகருக்குக் காட்டச் சர்க்கரை நிரப்பி மேலே சூடம் ஏற்றிய சொம்பை ஏந்தி நின்ற ராக்கம்மாள், "அடேய், என் சொம்பு மேல விழுந்தீக, சாமி வாரதுக்கு முன்னாடி நான் வந்துருவேன்!" என்று இரு தரப்பையும் ஒருசேர எச்சரித்தாள். முடிவில் இருவரும் ஆளுக்கொரு காலில் நின்று, கம்பத்தையும் ஒருவர் மற்றவரையும் இறுகத் தழுவி, பெண் வீட்டார் பார்க்கப் போட்டோ எடுத்துக்கொண்ட மாமன் மச்சான் போல் அசையாமல் நின்றார்கள். அரை மணி நேரம் அப்படியே போனது.

அப்போது வந்தது தங்கக் குதிரை! ஆயிரமாயிரம் தொண்டைகள் ஒரே தொண்டையாகி "கோவிந்தா!" என்று வெடிக்க, சிலிர்த்த மயிர்க்காலெல்லாம் எழுந்து நிற்க, ஒற்றைக் காலில் தவமிருந்து வென்ற மேடையின் உச்சியில், தடையற்ற பார்வைக்கோட்டின் நேர்முனையில், முப்பதே அடி தொலைவில் அழகர் வந்து நின்ற அந்தக் கணத்தில், தமிழ்மாறனின் இரு கைகளும் தாமாகக் குவிந்தன. இரு கண்களும் தாமாக மூடிக்கொண்டன.

இரண்டு வயதில் கைகளைப் பிடித்துச் சேர்த்து, "சாமியப் பாரு, கண்ண மூடிக் கும்புடு" என்று நாகஜோதி பழக்கிய பழக்கம் அது. மூடிய கண்ணோடு அம்மாவின் காலை வேண்டினான், பருத்தியை வேண்டினான், அரியர்களைப் பாடம் பாடமாக, தாள் எண் சொல்லி வேண்டினான். கண் திறந்தபோது குதிரையின் வாலும், தூக்கிச் செல்வோரின் ஈர முதுகுகளும், எல்லாவற்றையும் மறைத்தபடி ஒரு பெரிய வெண்குடையும் தெரிந்தன.

"சார்... என்ன கலர் சார்?" என்றான், கம்பத்தை மறுபடி பற்றிக்கொண்டு.

ராஜாராமன் கண்ணாடியைத் துடைத்தார். "நானும் கண்ண மூடிட்டேன் தம்பி."

ராக்கம்மாளைக் கேட்டான். "சாமிய யாராச்சும் கண்ணத் தொறந்துக்கிட்டுக் கும்புடுவாகளா?" என்றாள் அவள். சுற்றி நின்ற பத்துப் பேரைக் கேட்டான். பத்துப் பேரும் நல்ல பக்தர்கள்.

அந்நேரம் பார்த்துக் கைபேசி அழைத்தது. பச்சை என்று சொல்லிவிடலாம், பாதி வாய்ப்பு உண்டு என்று மாணவமூளை கணக்குப் போட்டது. ஆனால் மாவுக்கட்டோடு காத்திருக்கும் முகம் கண்ணுக்குள் வந்ததும் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, அம்புட்டுக் கிட்டத்துல வந்தாரும்மா. நான் கண்ண மூடிட்டேன்."

மறுமுனையில் நாகஜோதி சிரித்தாள்.

"அட கிறுக்கா, அழுகாதடா. இத்தன வருசத்துல நானும் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அவரு வந்ததும் கண்ண மூடிருவேன். பக்கத்துல யாரயாச்சும் கேட்டுத்தான் உங்ககிட்ட வந்து சொல்லுவேன்."

பிறகு அவள் டி.வி.யின் பிளக்கைத் திரும்பச் சொருகச் சொல்லிப் பார்த்து, பச்சை என்று சொல்லிவிட்டு, வரும்போது அரைக் கிலோ தக்காளி வாங்கிவரச் சொன்னாள்.