பதுர்தீனின் நான்கு வருடக் கச்சேரி அனுபவம்

பாட விரும்பும் பிரஜை ஒவ்வொருவரும் அகில தேச மெல்லிசை மேம்பாட்டுச் சபையில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு ஒரு சுற்றுநிருபம் வெளியானது. பெயர் பதியாதவர் பாடினால் அது சத்தமாகக் கருதப்படும் என்றும் அதில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தது.

அப்போது எங்கள் உக்குவளை பதுர்தீன் கொழும்பில் மூன்று வருடமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் அவனுக்கு வேலை. துணி அளக்கும்போது பாடினால் ராகத்தோடு துணியும் நீண்டுவிடுகிறது என்று முதலாளி பாட்டை நிறுத்தினார். மருதானையில் அவன் தங்கிய அறையில், சுவரில் ஆணி அடிப்பதும் பாடுவதும் கூடாது என்று வீட்டுக்கார டொறீன் நோனா எழுதி ஒட்டியிருந்தார். காலிமுகத் திடலுக்குப் போய்ப் பாடினால் பக்கத்தில் நின்ற கடலைக்காரனுக்குக்கூடக் கேட்காதபடி காற்று அடித்தது.

ஊருக்கு வரும்போதெல்லாம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் சைக்கிள் கடையில்தான் வந்து உட்காருவான்.

"லாபிர் நானா, எனக்குப் பேரும் வேணாம், புகழும் வேணாம். ஒரே ஒரு பாட்டு. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் நாலு பேர் முன்னால பாடணும். அதுக்குப் பிறகு சாகுற வரைக்கும் துணி அளக்கச் சொன்னாலும் அளக்கிறேன்."

இதைவிடச் சின்ன ஆசையை நான் யார் வாயாலும் கேட்டதில்லை. நல்ல குரல் அவனுக்கு. ஆனால் நானும் அவன் பாடும்போது பாதியில் யாராவது பஞ்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் எழுந்து போய்விடுவேன்.

பதுர்தீன் சபையின் அலுவலகத்துக்குப் போனான். அங்கே பதிவு அதிகாரி ஒஸ்வல்ட். அரசாங்க மீன்பிடிப் பகுதியில் இருபது வருடம் இருந்துவிட்டு, வலை கொள்வனவில் காட்டிய திறமைக்காக இசைக்கு மாற்றப்பட்டவர்.

"சேர், ஒரு பாட்டு பாடிக் காட்டட்டுங்களா?"

"இங்க பாடக் கூடாது தம்பி. இது சங்கீதக் கந்தோர். படிவத்தில ஏழாவது கூட்டைக் காலியா விட்டிருக்கீங்க."

ஏழாவது கூட்டில் 'கச்சேரி அனுபவம், குறைந்தது மூன்று வருடங்கள்' என்று இருந்தது.

"சபையில பேர் இருந்தாத்தான் சேர் மேடை தாராங்க. மேடை ஏறினாத்தானே அனுபவம் வரும்?"

"ரொம்பச் சரி. சுற்றுநிருபமும் இதையேதான் சொல்லுது" என்றார் ஒஸ்வல்ட், மகிழ்ச்சியோடு.

அடுத்த பெருநாளுக்கு ஊருக்கு வந்தவன் என் கடையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். படிவத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"உனக்கா கச்சேரி அனுபவம் இல்ல? உன் வாப்பாட காணிப் பேர்மிட்டுக்கு எத்தனை வருஷம் கச்சேரிக்கு அலைஞ்சே?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் காணி, அரிசிக் கூப்பன், பென்சன் ஆகியவற்றைக் கவனிக்கும் அரசாங்கக் காரியாலயத்துக்கும் கச்சேரி என்றே பெயர். வித்துவான் பாடுவதும் கச்சேரிதான். இரண்டிலும் ஒருவர் மேலே உட்கார்ந்திருப்பார், பலர் கீழே காத்திருப்பார்கள் என்பதால் முன்னோர்கள் வேறு சொல் தேடவில்லை போலும்.

"நாலு வருஷம் நானா" என்றான் பதுர்தீன். அவன் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

எங்கள் பகுதியின் கிளைக் கச்சேரியில் மாடசாமி என்று ஒரு கிளார்க் இருந்தார். நான்கு வருடமாகத் தேடியும் பேர்மிட் பைல் அவருக்குக் கிடைக்கவில்லை. சான்றிதழைப் பத்து நிமிடத்தில் தட்டச்சுச் செய்து கொடுத்தார். 'இவர் 1962 முதல் 1966 வரை இக்கச்சேரிக்கு ஒழுங்காகச் சமுகமளித்தார். எக்காலத்திலும் எவருக்கும் இடையூறு செய்ததில்லை. எதையும் பெற்றுக்கொண்டதுமில்லை.' அதன்மேல் அரசாங்க முத்திரை பளிச்சென்று விழுந்தது.

ஒஸ்வல்ட் அந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"நாலு வருஷமும் ஒரே இடத்திலயா?"

"ஆமா சேர். காலைல எட்டரைக்குத் தொடங்கினா பின்னேரம் நாலரைக்குத்தான் முடியும்."

"அம்மாடி. பக்கவாத்தியம்?"

"டைப்ரைட்டர் ரெண்டு, காத்தாடி ஒண்ணு. காத்தாடியில கொஞ்சம் சுருதி பிசகும்."

"புதுமையா இருக்கே. இப்ப கொழும்பில இதுதான் பாஷன். சனம் வருமா?"

"வாசல் வரைக்கும் நிப்பாங்க. ஒருத்தரும் பாதியில எழும்பிப் போகமாட்டாங்க. மறுநாளும் அதே ஆக்கள் வருவாங்க."

பதுர்தீன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெரிய பெரிய வித்துவான்களுக்கே இப்படி ஒரு சபை வாய்த்ததில்லை என்று ஒஸ்வல்ட் அவனுக்கு முதலாம் தரம் கொடுத்தார். கழுத்தில் கம்பளி மப்ளரும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் முதலாம் தரத்தவருக்குக் கட்டாயம் என்று சொல்லி, அவற்றையும் சபைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"இப்பவாவது ஒரு பாட்டு பாடட்டுங்களா சேர்?"

"முதலாம் தரக் கலைஞர் கண்ட இடத்தில பாடலாமா? உங்க ஊர்லயே அரங்கேற்றம் வைப்போம்."

இப்படித்தான் மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை பஸ் தரிப்பிடமெல்லாம் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'உக்குவளைப் பாடசாலை மண்டபத்தில் விசேட கச்சேரி. சனிக்கிழமை காலை 10 மணி. கொழும்பிலிருந்து முதலாம் தர அந்தஸ்துடையவர் வருகிறார். அனுமதி இலவசம். அனைவரும் வருக.' பாட்டு என்ற சொல் கொச்சையானது என்று சபை அதை ஏற்கெனவே நீக்கியிருந்தது.

சனிக்கிழமையும் கச்சேரி திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி சனத்தை உலுக்கிவிட்டது. பல்லேபொலவிலிருந்து காணிக்காரர்கள் விடியற்காலையே பஸ் ஏறினார்கள். தம்புள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் பைல். அது பாட்டுக் கச்சேரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஊரே பைலோடு போகும்போது நான் மட்டும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பதினொரு வருடமாகக் கிடக்கும் என் கடை லைசன் விண்ணப்பத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மேடையில் ஒரு மேசை, ஒரு கதிரை. பதுர்தீன் மப்ளரும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. நாலு பேர் கேட்டவனுக்கு நானூறு பேர் வந்திருந்தார்கள்.

அவன் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினான். மிளகுக்கொடியைப் பற்றி அவனே கட்டிய பாட்டு. முதல் வரி மண்டபத்தின் ஓட்டுக்கூரை வரை போய் நின்றது. உடம்பு சிலிர்த்தது எனக்கு.

இரண்டாவது வரியில் ஸுபைதா தாத்தா மேடைக்குக் கிட்டப் போனாள். அக்காவை நாங்கள் தாத்தா என்போம். புருஷனை இழந்தவள், ஆறு மாதமாகக் கூப்பன் புத்தகம் இல்லாதவள்.

"மகன், கூப்பன் விஷயம் பாக்கிறது நீங்கதானா?"

"இது பாட்டுக் கச்சேரி தாத்தா."

"சரி மகன், பாடுங்க. பாடிக்கிட்டே இதில ஒரு கையெழுத்து வச்சிடுங்க."

அவளுக்குப் பின்னால் வரிசை உருவானது. எங்கள் ஆட்களுக்கு வரிசை அமைக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வரிசை ஆடாமல் அசையாமல் வாசல் தாண்டி நீண்டது. பதுர்தீன் மூன்று தரம் முதல் வரியிலிருந்து தொடங்கினான். மூன்று தரமும் இரண்டாவது வரியில் ஒரு பைல் நீட்டப்பட்டது. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரிசையில் என்னைத் தேடினான். நான் ஆறாவது ஆளாக, பைலை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பைலை நான் கீழே இறக்கவில்லை.

பதுர்தீன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். மப்ளரைச் சரிசெய்தான். பிறகு நான்கு வருட அனுபவம் முழுவதையும் குரலில் திரட்டி, நிதானமாகச் சொன்னான்.

"இன்னைக்குப் பெரிய ஐயா இல்ல. நாளைக்கு வாங்க."

மண்டபம் முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு பரவியது. பைல்கள் மூடப்பட்டன. "என்ன தெளிவான குரல்" என்றார் பல்லேபொலக்காரர் ஒருவர். "எவ்வளவு மரியாதையாச் சொன்னாரு" என்றாள் ஸுபைதா தாத்தா. முன்வரிசையில் இருந்த ஒஸ்வல்ட், ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பதுர்தீன் அன்று பின்னேர ரயிலிலேயே கொழும்புக்குப் போய்விட்டான். கடைக்கு எதிரேதான் ரயில் நின்றது. அவன் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பூட்டியிருக்கும், வரச் சொன்னவன் ஊரில் இல்லை, ஐயா என்று ஒருவர் எங்குமே இல்லை. இந்த மூன்றையும் அறிந்த ஒரே ஆள் நான்தான். பத்து மணிக்கு முன்பே போய்விட்டேன். அப்படியும் வரிசையில் எனக்கு நாற்பதாவது இடம்தான் கிடைத்தது.