ரவுட்டர் ரெண்டு, தலைவர் ரெண்டு

இனி எங்கள் வீட்டில் இணையம் ஒரு நொடிகூட நிற்காது என்று சபதம் செய்தேன். நெட்வொர்க் இன்ஜினியர் வீட்டிலேயே நெட் நின்றால் மானம் என்னாவது? பழைய ரவுட்டருக்குத் துணையாகப் புதிதாக ஒன்று வாங்கினேன். ஒன்று விழுந்தால் மற்றது எழும். அன்று மாலை வீடியோ அழைப்பில் மேனேஜருக்கு இதைச் செய்துகாட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் எல்லாக் கிளைகளிலும் இதே ஏற்பாடு. தலைமைப் பொறுப்பு எனக்கு.

இரண்டையும் போட்டேன். இருந்த நெட்டும் போனது.

"என்னங்க, ஒண்ணு இருந்தப்போ எப்பவாச்சும்தான் நிக்கும்," என்றாள் மனைவி. "இப்ப நிம்மதி. வரவே வராது."

"பழசு, 'நான் உயிரோட இருக்கேன்'னு சொல்லிட்டே இருக்கும். அதைக் கேட்டுட்டுப் புதுசு சும்மா இருக்கணும். ஆனா பழசு பேசுறது பழைய புரோட்டோகால். புதுசுக்குப் புரியல."

"அதனால?"

"பழசு போயிடுச்சுன்னு நினைச்சு இதுவும் தலைவர் ஆயிடுச்சு. ரெண்டும் மோதிக்கிட்டு நெட்டை நிறுத்திடுச்சு."

"உயிரோட இருக்கும்போதே நாற்காலியைப் பிடிச்சுடுச்சா? சரி, புதுசைக் கொஞ்சம் இறங்கி வந்து பழைய மாதிரி பேச வைங்களேன்."

"வைக்கலாம். ஆனா அதுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. பழசுதான் மேல வரணும்."

"யாரோ ஞாபகத்துக்கு வர்றாங்க," என்றபடி காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

பழசின் மென்பொருளைப் புதுப்பித்தேன். அணைத்துப் போட்டேன். கெஞ்சினேன். அது மேலே வரவில்லை; எனக்கு இரத்த அழுத்தம்தான் மேலே வந்தது. முகம் கழுவித் திரும்பினால், மடிக்கணினியில் நெட் குதிரையாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா என் கைவரிசையை?"

"பாத்தேன், பாத்தேன்."

மேனேஜர் திரையில் தோன்றினார். கேமராவை ரவுட்டர்கள் பக்கம் திருப்பிவைத்து, பழசின் ஒயரைக் கழற்றினேன். படம் இம்மியும் தடுமாறவில்லை.

"பிரமாதம்," என்றார். "இப்ப ரெண்டாவதையும் கழட்டுங்க. லைன் போச்சுன்னா, அதுதான் தாங்கிச்சுன்னு நிரூபணம்."

"சரி சார், அப்புறம் போன்ல பேசறேன்," என்று விடைபெற்றுக் கழற்றினேன்.

மேனேஜர் போகவில்லை. திரையில் உட்கார்ந்து கண் சிமிட்டினார். பேயைப் பார்த்திருந்தால்கூட வணக்கம் சொல்லியிருப்பேன்.

"என்னப்பா, ரெண்டு ஒயரும் உங்க கையில இருக்கு. நாம எதுல பேசிட்டிருக்கோம்?"

மடித்த துண்டோடு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மாடி வீட்டு அக்கா நெட்டு சார். இது ரெண்டும் ஒத்துவராதுன்னு தெரிஞ்சதும் பாஸ்வேர்டு கேட்டு வாங்கி லேப்டாப்ல போட்டுட்டேன். அவங்க ரவுட்டரும் அடிக்கடி மக்கர் பண்ணுதாம். பதிலுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இவர் வந்து பாப்பார்னு சொல்லியிருக்கேன்."



"ஏற்பாடுன்னா இது," என்றார் மேனேஜர். "கிளைகளுக்கு என்ன செய்யலாம்னு வீட்ல கேட்டுச் சொல்லுங்க."

பொறுப்பு எனக்குக் கிடைக்காமல் இல்லை. ஞாயிறுதோறும் மாடி வீட்டு ரவுட்டருக்கு நான்தான் தலைமை.