வாய்பொத்தியார்

நிரலில் அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டாயிற்று. இனி கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போகும். வாய்பொத்தியார் சோம்பல் முறித்தார்.

"முடிஞ்சுதும்மா. இனி மணி அடிக்காது" என்றார் போனில்.

வாய்பொத்தி நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாவம், தங்கள் வாயைத்தான் பொத்துவார்கள். இவர் வேறு இனம். உண்மை சொல்ல வருகிற வாய் மனிதனுடையதோ மெஷினுடையதோ, அதைப் பொத்தவே பிறந்தவர். காரில் எஞ்சின் விளக்கு சிவப்பாக எரிந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். வீட்டில் புகை மணி கத்தினால் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போடுவார். மகள் பல்வலி என்றால் "ஒண்ணுமில்ல, தூங்கு" என்பார். அழுது ஓய்ந்து அவள் தூங்கியதும், குணமாகிவிட்டது என்று மனைவியிடம் அறிவிப்பார். ஆபீசில் இவரைப் 'பிரச்சினை தீர்ப்பவர்' என்கிறார்கள்.

இப்போது தீர்த்தது ஒரு மருத்துவமனை ரத்த வங்கியின் பிரச்சினை. அங்கே குளிர் அறையைக் கவனிக்கும் நிரலுக்குத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது. மூலையில் தானாக ஓடும், தப்பாக ஓடினாலும் யார் கண்ணிலும் படாது. அதனால்தான் பக்கத்து மேசைப் பெண் 'அசெர்ட்' என்னும் அந்தக் காவல் வரியை எழுதியிருந்தாள்: குளிர் அளவு நம்ப முடியாததாக வந்தால் மேலே ஓடாதே, நில், மணி அடி. அடித்தது. தலை வலிக்கிறது என்று நர்ஸம்மா போன் செய்தார்.

"சார், அது சும்மா அடிக்கல" என்றாள் அந்தப் பெண். "மைனஸ் நூத்தி இருபத்தேழுன்னு காட்டுது. அவ்வளவு குளிர் எந்த ரூம்ல இருக்கும்? குளிர் அளக்கிற கம்பி கழண்டு கழண்டு ஒட்டுது போல."

"நடக்காத விஷயம்னு நீயே சொல்ற. நடக்காததுக்கு எதுக்கும்மா ஒரு வரி?"

"நாளைக்கு ஆபரேஷனுக்கு வேண்டிய ரத்தமெல்லாம் உள்ள இருக்கு சார்."

"ப்ரோக்ராம் ஓடுதா, இல்லையா?"

"ஓடுது. ஆனா..."

"அப்ப விடு."

காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பவன் வெறும் முட்டாள். உடைத்துவிட்டு நன்றியும் வாங்குகிறவர் வாய்பொத்தியார். "இப்பதான் சார் நிம்மதி" என்றார் நர்ஸம்மா.

நிரல் ஓடியது. மாலையில் கம்பி முழுதாகக் கழன்றது. மைனஸ் நூற்றிருபத்தேழு என்ற சேதியை நம்பி, அறை போதும் போதும் என்று குளிர்ந்துவிட்டதாக முடிவுசெய்து, நிரல் குளிரூட்டியை நிறுத்தியது. பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சிரிக்கிறீர்களா? "அப்புறம் பாக்கலாம்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது யாரிடம்?

மறுநாள் ரத்தப் பைகள் குப்பைக்குப் போயின. அறுவைக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்த ஒருவரிடம், இன்று ஆபரேஷன் இல்லை, எழுந்து சாப்பிடலாம் என்று சொன்னார்கள். பிற்பகல் ஆபீசில் கூட்டம். "இப்படி ஆகும்னு யாருமே ஒரு வார்த்தை சொல்லலயே" என்றார் வாய்பொத்தியார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "அப்புறம் பேசலாம்மா" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நீங்களும்தான்.