சீனி ஈன்ற சர்க்கார் குட்டிகள்

கண்டி டிஸ்திரிக்கில் உள்ள ஆடுகள் பின்தங்கியிருக்கின்றன என்ற செய்தி 1934ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் வெளியாயிற்று. அதுவரை அது ஆடுகளுக்குத் தெரியாது. ஆடு வளர்த்தவர்களுக்கும் தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருப்பது சர்க்காருக்கு அழகல்லவே. ஆகவே டவுனில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் ஆட்டு அபிவிருத்திக் கந்தோர் ஒன்று திறக்கப்பட்டது. ஆடு ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தான படிகள் அதற்கு இருந்தன. ஆட்டின் வேலை ஈனுவது, கந்தோரின் வேலை எழுதுவது என்பதால் அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

கண்டிப் பெரிய வீட்டுப் பெண்களிடையே அந்த வருஷம் ஆட்டுப்பால் நாகரிகமாக இருந்தது. முந்திய வருஷம் தக்காளிச் சாறு. அதற்கும் முந்திய வருஷம் தலைமயிரைக் கத்தரித்துக்கொள்வது. கோர்ட்டுப் பிரக்கிராசியார் வீட்டுப் பாலாம்பிகை அம்மாள் ஆட்டுப்பால் சங்கத்துக்குத் தலைவியாகி, கொம்பில்லாத ஆட்டின் பால்தான் முகத்துக்கு நிறம் தரும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கொம்பு என்பது காட்டுமிராண்டித்தனத்தின் மிச்சம் என்றும் சொன்னார். கேட்டிருந்த பெண்கள் தங்கள் கொண்டை ஊசிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பெரிய விஷயங்களில், டவுனை ஒட்டிய மஹய்யாவ றம்லத்துக்கு ஒரு பங்கும் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரு மகள், ஓர் ஆடு. மகள் பஸீஹாவுக்கு எட்டு வயது, நெஞ்சு பலவீனம், மாட்டுப்பால் குடித்தால் இரண்டு நாள் படுத்துவிடுவாள். ஆட்டின் பெயர் சீனி. புருஷன் மவுத்தான பிறகு இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வதுதான் றம்லத்தின் உலகம். சீனிக்கு ஒரு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை. பால் ஒரு கோப்பையிலிருந்து அரைக் கோப்பையாகி, அரை காலாகிக்கொண்டிருந்தது. சர்க்கார் இலவசமாகக் கிடாய் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கந்தோர்ப் படியேறினாள்.

கிளாக்கர் அழகமுத்து ஒரு கடதாசியை வாசித்துக் காட்டினான். "பொறக்கிற மொதக் குட்டிங்க சர்க்காருக்கு. அதுக்குப் பொறவு பொறக்கிறதெல்லாம் ஒங்களுக்கு. மொதக் குட்டிங்க ஒங்க கவலையீனத்தால காணாமப் போனா, தாய் ஆடு சர்க்காருக்கு. இந்தாங்கக்கா, இங்க வெரல வைங்க."

"குட்டி எங்க காணாமப் போற? கட்டித்தானே வெக்கிற," என்று சொல்லி றம்லத் விரலை வைத்தாள்.

கிடாய் ஒரு செவ்வாய்க்கிழமை லொறியில் வந்தது. வெள்ளை வெளேரென்று, கொம்பில்லாமல், சீமையிலிருந்து கப்பலேறி வந்த கிடாய். மஹய்யாவச் சனம் முழுவதும் ஒதுங்கி வழிவிட்டது. வந்த மாப்பிள்ளை சீனியை ஒருதரம் பார்த்தது. ஹந்தானை மலையை ஒருதரம் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியில் படர்ந்திருந்த பூசணிக்கொடியை நுனியிலிருந்து அடிவரை தின்று முடித்துவிட்டு லொறியில் ஏறிக்கொண்டது.

"ஒண்டும் நடக்கல்லையே தம்பி," என்றாள் றம்லத்.

அழகமுத்து எழுதிக்கொண்டிருந்தான். "வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான் கேட்டிருக்குங்கக்கா. நடந்திச்சான்னு கேக்கலியே."

ஆனால் சீனியின் வயிறு பெருக்கத் தொடங்கியது. இரண்டாம் மாதம் கொஞ்சம். மூன்றாம் மாதம் நன்றாக. நான்காம் மாதத்தில் சீனி வாசலைக் கடக்கும்போது நிலை இரண்டு பக்கமும் உரசியது. இன்ஸ்பெக்டர் தியாகராஜா வெள்ளைக் கால்சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஸ்கொத்லாந்தில் அச்சான புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தார். தையற்கடையில் இரவல் வாங்கிய நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்து, புத்தகத்தில் அட்டவணையைப் பார்த்தார்.

"ஓம். இரட்டைக் குட்டி," என்றார்.

றம்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "குட்டி இல்ல ஐயா. தண்ணி."

"என்ன?"

"வகுத்துக்குக் கீழால கைமுட்டிய வெச்சு அமத்திப் பாத்தேன். குட்டி எண்டா திருப்பி முட்டும். இது குடத்துல தண்ணி ஆடுற மாதிரி ஆடுது. பொய்ச்சினை. முஹைதீன் நானாட ஆட்டுக்கும் போன வருஷம் இப்பிடித்தான். நாள் வந்ததும் தண்ணி போய், வகுறு ஒட்டிப் போகும். ஆட்டுக்கு ஒண்டும் ஆகா. குட்டி மட்டும் ஈக்காது."

தியாகராஜா கெட்ட மனிதர் அல்ல. புத்தகத்தை இன்னொரு தரம் புரட்டினார். "இஞ்ச பாரும். உதுக்கு இதில அட்டவணை இல்லை."

"அமத்திப் பாருங்களே ஐயா."

"அமத்திறது விதியில இல்லை. அளக்கிறதுதான் விதி." அவர் கையெழுத்திட்டார். 'மேற்படி ஆடு இரு குட்டிகளுடன் உள்ளதென இத்தால் அத்தாட்சிப்படுத்தப்படுகின்றது.' முத்திரை சற்றுச் சாய்வாக விழுந்ததால் இன்னொன்றும் குத்தினார். கண்டி டிஸ்திரிக்கின் முதலாவது அபிவிருத்திச் சினை அது.

ஐந்தாம் மாத முடிவில் ஒரு சனிக்கிழமை சீனி முனகத் தொடங்கியது. செய்தி போன அரை மணி நேரத்தில் மோட்டார்க்கார் வந்து நின்றது. பாலாம்பிகை அம்மாளும் சங்கத்துப் பெண்கள் நான்கு பேரும் இறங்கினார்கள். குட்டிகளுக்குக் கட்ட நீல நாடா இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். குளிப்பாட்ட ஒரு பெரிய பித்தளைச் சருவமும் இருந்தது. அதைச் சீனியின் பின்னால் வைத்தார்கள். தியாகராஜா, முதற்குட்டியை ஏற்கும் உரிமை தமக்கே என்பதால், குனிந்து மிக அருகில் நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் றம்லத்.

"நீர் பேசாமல் இரும்."

சீனி ஒருதரம் உடம்பை நெளித்தது. மடையைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீர் கொட்டியது. பாதி சருவத்தில் விழுந்தது. மீதி தியாகராஜாவின் இரண்டு சப்பாத்துகளிலும் ஒரு பாரபட்சமும் இல்லாமல் நிறைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சீனி திரும்பிப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஒட்டிய வயிற்றோடு எட்டு வைத்துப் போய், நீல நாடா ஒன்றை வாயில் எடுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுச் சுந்தரிதான் முதலில் வாய் திறந்தாள். "இப்ப இதுக்கு எங்கிட்டு நாடா கட்டுறது?"

பாலாம்பிகை அம்மாள் காரில் ஏறிக்கொண்டார். சருவத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் றம்லத்துக்கு அழைப்பு வந்தது. கந்தோரில் தியாகராஜா பழைய செருப்போடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மினுக்கிய சப்பாத்துகள் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தன.

"குட்டிகள் ரண்டும் எங்கை?" என்று கேட்டார்.

"ஐயா பாத்துக்கொண்டுதானே நிண்டீங்க."

"நான் பாத்தது வேறை. பதிவு வேறை. பதிவில ரண்டு குட்டி இருக்கு. இப்ப ஆட்டில பால் வருதோ?"

"வருது." அது உண்மை. தண்ணீர் போன அன்றே மடி இறங்கியிருந்தது. பஸீஹா இரண்டு நாளாக முழுக் கோப்பை குடிக்கிறாள். பொய்ச்சினையிலும் பால் இறங்குவதுண்டு என்பது ஆடு வளர்த்த யாருக்கும் தெரியும்.

தியாகராஜா பேனையை எடுத்தார். "பால் வருது. குட்டி போடாமல் பால் வராது எண்டு புத்தகத்தில இருக்கு. ஆனபடியால் குட்டி இருந்தது. இருந்த குட்டி இப்ப இல்லை. ஆனபடியால் ஒளிச்சு வைச்சிருக்கிறீர். ஏழு நாளுக்குள்ள குட்டிகளை ஒப்படைக்க வேணும். இல்லையெண்டால் ஒப்பந்தப்படி ஆடு சர்க்காருக்கு."

"ஆட்டக் கொண்டுபோனா என்ட புள்ளைக்கிப் பால் இல்ல ஐயா."

"எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு," என்றார் தியாகராஜா மெதுவாக. "அத்தாட்சி பிழையெண்டு எழுதினால் எனக்கு வேலை இல்லை."

றம்லத் திரும்பி நடந்தாள். படியிறங்கும்போது அழகமுத்து பின்னால் வந்து ரகசியமாகச் சொன்னான். "அக்கா, ஒப்படைக்கணும்னுதான் எழுதியிருக்கு. எந்த நெலையில ஒப்படைக்கணும்னு எழுதல. நோஞ்சான் குட்டி பொறந்தா தட்டிக் கழிக்கக் கூடாதுன்னு, எந்த நெலையிலயும் ஏத்துக்கணும்னு விதி இருக்கு."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. விடிந்ததும் சருவத்தை வாழை இலையால் மூடி, தலையில் வைத்துக்கொண்டு, பஸீஹாவைக் கையில் பிடித்தபடி கந்தோர்ப் படியேறினாள். சருவம் மேசைமேல் வைக்கப்பட்டது. நான்கு நாள் பழையது. தியாகராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உதென்ன?"

"சர்க்காருட குட்டி ரெண்டும்."

"உது தண்ணி."

"அதத்தான் நானும் சென்னேன். ஐயா இல்லையெண்டு முத்திரை குத்தினீங்க, ரெண்டு முத்திரை." ஆயுளில் இவ்வளவு நீளமாக அவள் எந்த ஆண்பிள்ளையிடமும் பேசியதில்லை. குரல் மெல்லியதாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. "இது தண்ணி எண்டா வகுத்துல இருந்ததும் தண்ணி. வகுத்துல இருந்தது குட்டி எண்டா இதுவும் குட்டி. கொஞ்சம் ஐயாட சப்பாத்துல ஈக்கிது. அதையும் சேத்துக்கொள்ளுங்க."

தியாகராஜா சருவத்தைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். அத்தாட்சியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"அழகமுத்து, பற்றுச்சீட்டுக் கொண்டுவாரும்," என்றார். "இரு குட்டிகள் பெற்றுக்கொள்ளப்பட்டன. நிலை எண்ட இடத்தில, திரவம் எண்டு போடும்."

"ஆணா, பொண்ணாங்க அய்யா?"

அவர் சற்று யோசித்தார். "ஒண்டு ஆண், ஒண்டு பெண்."

கந்தோரில் தொழுவம் இல்லாததால், பால் மறக்கும்வரை குட்டிகள் தாயின் பராமரிப்பில் இருக்கவேண்டும் என்றும், அதுவரை குட்டிக்கு வாரம் ஒரு கொத்து அளவு புண்ணாக்கு சர்க்கார் தரவேண்டும் என்றும் விதி இருந்தது. ஆகவே றம்லத் பற்றுச்சீட்டோடு சருவத்தையும் திருப்பிச் சுமந்துகொண்டு, இரண்டு கொத்துப் புண்ணாக்கோடு வீட்டுக்கு வந்தாள். குட்டிகளைப் பூசணிக்கொடியின் அடியில் ஊற்றினாள். கொடி மறுபடி நன்றாகத் துளிர்த்தது.

அறிக்கை கொழும்புக்குப் போனது. கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. அபிவிருத்திக் குட்டிகளில் பிறந்து ஆறு மாதமாகியும் இருமல், கழிச்சல், மரணம் ஒன்றுமே இல்லாதவை கண்டிக் குட்டிகள்தான் என்று எழுதியிருந்தார்கள். தியாகராஜாவின் வேலை நிரந்தரமாயிற்று. அவர் பழுப்பு நிறச் சப்பாத்து வாங்கினார்; அதில் ஈரம் தெரியாது. சீனியின் வயிற்றுத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்த மஹய்யாவப் பெண்கள் எல்லோரும் வாரந்தோறும் றம்லத் புண்ணாக்குக் கொண்டுவருவதைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் படியேறித் தங்கள் ஆட்டையும் அளந்து தரும்படி கேட்டார்கள். அளப்பதற்கு முன்தினம் ஆட்டுக்கு உப்புக் கொடுத்து, காலையில் கழுநீர் காட்டினால் போதும் என்று சுந்தரி கண்டுபிடித்திருந்தாள். அடுத்த மார்ச்சில் மஹய்யாவ மட்டும் எழுபத்திரண்டு குட்டிகளோடு இலங்கையில் முன்னணியில் நின்றது.

இதற்கிடையில் சீனி, யாரையும் கேளாமல், முஹைதீன் நானாவின் கொம்பு வைத்த நாட்டுக் கிடாயோடு சேர்ந்துகொண்டது. இம்முறை றம்லத் கைமுட்டியை வைத்து அமுக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு குளம்பு திருப்பி முட்டியது. அவள் அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். தவிட்டு நிறத்தில் ஒரு பெட்டைக்குட்டி பிறந்தது. பஸீஹா அதற்குப் பேரீச்சை என்று பெயர் வைத்தாள்.

தியாகராஜா ஒருநாள் கணக்கெடுக்க வந்தார். பேரீச்சை துள்ளிவந்து அவருடைய பழுப்புச் சப்பாத்தை நக்கியது.

"உதென்ன?"

"குட்டி, ஐயா."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "சீனி தன்ரை ரண்டு குட்டிகளுக்கும் பால் குடுத்துக்கொண்டு நிக்குது எண்டு பதிவில இருக்கு. அப்பிடி நிக்கிற ஆட்டில வேறை குட்டி பிறக்க ஏலாது."

"பிறந்திட்டுதே ஐயா."

"பிறக்கேல்லை," என்றார் அவர் கனிவாக. சப்பாத்தை மெல்ல விடுவித்துக்கொண்டு, குட்டியை மிதித்துவிடாமல் சுற்றி நடந்து போனார். இல்லாத குட்டியைச் சர்க்கார் கேட்காது என்பது றம்லத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பஸீஹாவின் பாலுக்கு இனி வாழ்நாளில் பயமில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த உத்தரவு வந்தது. கொழும்புப் பெரிய துரை கண்டிக்கு வருகிறார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மஹய்யாவ அபிவிருத்திக் குட்டிகள் அனைத்தும் மைதானத்தில் நேரில் காட்டப்படவேண்டும். காட்டத் தவறுவோரின் தாய் ஆடு சர்க்காருக்கு.

பஸீஹா குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டாள். "உம்மா, பேரீச்சயக் காட்ட ஏலுமா?"

"அது எழுத்துல இல்ல மகள்."

"நெசம்மா ஈக்கிதே."

"அதுதான் காட்ட ஏலா."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு, பேரீச்சையைப் பாயால் மறைத்துக் கட்டிவிட்டு, றம்லத் சருவத்தைப் புளிபோட்டுத் துலக்கினாள். நீல நாடா ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை விளிம்பில் கட்டினாள். இருட்டோடு இருட்டாக யாரும் காணாமல் போய்வந்துவிடலாம் என்ற எண்ணத்தில் முனிசிப்பல் பைப்படிக்கு நடந்தாள்.

அங்கே ஏற்கனவே முப்பத்தைந்து பெண்கள் சருவமும் வாளியும் மண்ணெண்ணெய்த் தகரமுமாக வரிசையில் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுந்தரி மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"மெதுவாப் புடிங்கக்கா," என்றாள். "சிந்தினா ஒரு குட்டி கொறஞ்சிரும்."