பல்செட் அறுத்தெடுத்த மூக்கு

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, ‘ஏறக்குறைய’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கும் மனிதர் ஒருவர்தான் உண்டு. அவரை நாங்கள் பல்செட் என்போம். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது தொழில். அதே மேசையின் மறு முனையில், போர் விமானங்களின் சின்னஞ்சிறு மாதிரிகளை பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்வது பைத்தியம். இரண்டுக்கும் ஒரே அரம், ஒரே பூதக்கண்ணாடி.

நான் கூடுவாஞ்சேரியிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். எனக்கான கடைவாய்ப் பல் எப்போது வரும் என்று கேட்கப் போய் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

ஒரே பெயருள்ள விமானம்தான். ஆனால் தொழிற்சாலைக்காரன் அதில் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்திருப்பான். ஜன்னல் இடம் மாறும். துப்பாக்கி ஒன்று கூடும். எந்த வகை என்று பார்க்காமல் ஒட்டுவது, பல்செட்டைப் பொறுத்தவரை, ஒருவர் பல்லை அடுத்தவர் வாயில் மாட்டுவதற்குச் சமம்.

இந்தக் கண் விமானத்தோடு நிற்பதில்லை. ஒருமுறை மாமல்லபுரத்தில் கல் யானை வாங்கப் போனோம். பல்செட் யானையைத் தலைகீழாகப் பிடித்து நகங்களை எண்ணினார்.

“முன்னங்காலுக்கு அஞ்சு, பின்னங்காலுக்கு நாலு. நீ எல்லாத்துலயும் அஞ்சு போட்டுகினு கீற.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “இன்னா சார், இவரு ஆனை வாங்க வந்தாரா, ஆனைக்கு வைத்தியம் பாக்க வந்தாரா?”

பின்னங்காலில் காலுக்கு ஒரு நகத்தைச் செதுக்கித் தள்ள வைத்துத்தான் வாங்கினார். அதற்கடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கடையிலிருந்த யானைகள் எல்லாவற்றுக்கும் பின்னங்காலில் நாலு நகம்.

அவரைத் தேடித்தான் கருங்குழியிலிருந்து சாமுவேல் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கையில் செல்லரித்த ஒரு போட்டோ. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அவருடைய அப்பா, வயல் கூலியை விட்டுவிட்டு, சென்னைப் பக்கம் ஒரு விமானத்தளத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். படத்தில் லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் முன் சக்கரத்தருகே, தோளில் துணியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். விமானத்தின் மூக்கு இருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது.

“ஏரோப்ளேன் மூக்கு முழுக்கக் கண்ணாடி, நான்தான் தொடச்சேன்னு எங்க நைனா சொல்லிகினே இருப்பாரு” என்றார் சாமுவேல். “மூக்குல ஏதுடா கண்ணாடின்னு ஊரே சிரிச்சுது. கண்ணாடி மூக்குன்னே அவருக்குப் பேரு வெச்சுட்டானுங்க. பொய்க்காரன்னு பேர் வாங்கினே போய்ச் சேந்தாரு. இந்த நினைவு நாளுக்கு அந்த விமானத்தை அவர் படத்தாண்ட வெக்கணும்.”

பல்செட் அந்த விமானத்தின் பாகங்கள் அடங்கிய கிட் பெட்டியை வாங்கினார். ஒன்றரை அடி இறக்கை, நான்கு மாத வேலை. பெட்டியில் வந்த மூக்கில் கண்ணாடி அறை இல்லை. துப்பாக்கிக் கூண்டுதான் இருந்தது. இந்தப் பக்கம் பறந்தவை எல்லாம் கூண்டு வைத்தவைதான் என்று மாதிரி செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவும் ஒரே குரலில் சொன்னது. பல்செட் அப்படியே ஒட்டி, வண்ணமும் அடித்து முடித்துவிட்டார். சாமுவேல் வந்து பார்த்தார். மூக்கை மட்டும் ஒருமுறை தொட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

நினைவு நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பல்செட் எனக்கு போன் செய்தார்.

“உடனே வா சார். கதவு இல்ல.”

போனேன். போட்டோவையும் பூதக்கண்ணாடியையும் கையில் திணித்தார். “கூண்டு வெச்ச வகையில முன் சக்கரத்துக் கதவு ரெண்டும் வெளிய தொங்கும். கண்ணாடி மூக்கு வகையில கதவு உள்ளாற மடிஞ்சிக்கும். பெரியவர் பக்கத்துல பாரு. ஏதாச்சும் தொங்குதா?”

எதுவும் தொங்கவில்லை. நாலு மாதமாக அவர் மூக்கையே தேடிக்கொண்டிருந்தார். சாட்சி சக்கரத்தடியில் இருந்தது.

பல் அறுக்கும் வட்டத்தகட்டை ஓடவிட்டு, முடித்த விமானத்தின் மூக்கை அறுத்து எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புது மூக்கைச் செயற்கைப் பல்லுக்கான நிறமற்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வார்த்தார். முதல் மூக்கில் குமிழி. இரண்டாவது மங்கல். மூன்றாவது வார்ப்பின்போது வாசலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், பல்லில்லாத வாயோடு.

“வியாழக்கெழம பொண்ணு கல்யாணம். போட்டோல நான் வாயத் தொறக்கறதா வேணாமா?”

“மூக்கு முடியட்டும் அண்ணாத்த, வாய்க்கு வரேன்.”

“யார் மூக்கு?”

பல்செட் வார்ப்புக்குத் திரும்பிவிட்டார். ஆனால் முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மண்டபத்துக்கே போய் மாட்டிவிட்டார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைவிட மாமனார்தான் அதிகம் சிரித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்குப் போனோம். மடியில் விமானத்தை வைத்துக்கொண்டு, வழியிலிருந்த வேகத்தடைகளில் எல்லாம் பல்செட் மூச்சை அடக்கினார். ஜெபம் முடிந்தது. சாமுவேலின் பெரியப்பா மகன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். சிரித்தவர்களில் முதல் ஆள் அவர்தானாம்.

“துட்டு குடுத்தா கண்ணாடி மூக்கு இன்னா, தங்க மூக்கே வெச்சுத் தருவாங்க.”

பல்செட் கோபப்படவில்லை. போட்டோவையும் பூதக்கண்ணாடியையும் நீட்டி, கதவைப் பற்றி விளக்கினார். அந்த மனிதர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப சித்தப்பா தொடச்சது நெசந்தானா?”

“தொடச்சாரான்னு எனக்குத் தெரியாது” என்றார் பல்செட். “தொடைக்கறதுக்குக் கண்ணாடி இருந்துச்சு. அது வரிக்கும்தான் நான் சொல்வேன்.”

இருபத்தைந்து வருடம் செய்தி எழுதியிருக்கிறேன். இவ்வளவு சரியான வாக்கியம் ஒன்றை நான் எழுதியதில்லை.

பெரியப்பா மகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சாமுவேல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். விரல் நுனி அளவே இருந்த அந்தக் கண்ணாடி மூக்கை, மெதுவாக, ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தார்.

என் கடைவாய்ப் பல் இன்னும் வரவில்லை. இடது பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறேன். வேறு யாரிடமும் போகத் தோன்றவில்லை.